கதை எழுதணுமா? முதலில் ஒரு கதையைக் கழற்றுங்கள்

சொல்ல ஒரு கதை எல்லோரிடமும் இருக்கிறது. எழுதி முடித்து, கேட்ட தேதியில் மெயில் பண்ணுகிறவர்கள் குறைவு. உங்கள் சான்ஸ் அங்கேதான்.

1. வேலையை விடாதீர்கள். சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியராக இருந்துகொண்டே தொடர்கதைகளாக எழுதித் தள்ளினார். சம்பளம் கைக்கு வந்தால்தான் மட்டமான ஆஃபரை மறுக்கத் தெம்பு இருக்கும். ஆபீஸ் கிளம்பும் முன் ஒரு மணி நேரம், ஃபோனை வேறு ரூமில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

2. அசோகமித்திரனின் ‘புலிக் கலைஞன்’ கதையை எடுங்கள். ஒருமுறை ரசித்துப் படியுங்கள். மறுமுறை, மெக்கானிக் இன்ஜினைப் பிரிப்பதுபோலக் கழற்றுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் நோட்டில் இரண்டே குறிப்பு: என்ன நடக்கிறது? நமக்குப் புதிதாக என்ன தெரிகிறது?

இடம், ஒரு சினிமா கம்பெனி ஆபீஸ். வேலை கேட்டு ஒருவர் வருகிறார். புலித்தலையை மாட்டிக்கொண்டு பாய்கிறார். அறையில் இருப்பவர்கள் மிரண்டு போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே மனிதர் காலில் விழுந்து சான்ஸ் கேட்கிறார். வறுமையைப் பற்றி ஆசிரியர் லெக்சர் அடிக்கவே இல்லை. புலியாக அவர் எழுந்து நின்ற உயரத்தை முதலில் பார்த்துவிட்டோம், அதனால்தான் அவர் விழும்போது நமக்கு வலிக்கிறது. சந்தேகமா? காலில் விழுவதை முன்னால் வைத்து அந்தக் காட்சியை நீங்களே எழுதிப் பாருங்கள். பாய்ச்சல் வெறும் வித்தையாகிவிடும்.

ஃபீஸ் கட்டிப் போகும் எந்த வொர்க்‌ஷாப்பையும்விட இந்தப் பயிற்சியைத்தான் நான் முன்னால் வைப்பேன். மாதம் ஒரு கதை கழற்றுங்கள்.

3. முடியுங்கள். பாதியில் நிற்கும் கதைகளை யாரும் போர்ட்ஃபோலியோவில் சேர்ப்பதில்லை. ஆயிரம் வார்த்தையில் ஒரு முழுக் கதை எழுதி, பத்து நாள் தொடாமல் வையுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் வெட்டுங்கள். டயலாக்கில் கூடுதல் கவனம்: திருநெல்வேலி ஆச்சியும் கோயம்புத்தூர் டிரைவரும் ஒரே மாதிரி பேசினால், எடிட்டர் அங்கேயே ஃபைலை மூடிவிடுவார்.

4. ஃபீட்பேக் வீட்டில் கேட்காதீர்கள், பாராட்டுத்தான் கிடைக்கும். உங்களோடு போட்டி போடும் இன்னொரு எழுத்தாளரிடம் கொடுங்கள். “எந்த இடத்தில் போர் அடித்தது?” இந்த ஒரு கேள்வி போதும். பதிலுக்கு வாதாட வேண்டாம்.

5. அனுப்பும் முன் விதிமுறைகளைக் கடைசி வரி வரை படியுங்கள். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் கையெழுத்திட்ட எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாமல் உரிமை கைமாறாது. காலம் குறிப்பிடாமல் எழுதிக்கொடுத்தால் ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளப்படும். பத்திரிகையில் பிரசுரிக்கும் உரிமை வேறு. சினிமா, ஓடிடி உரிமை வேறு. தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ‘அனைத்து உரிமைகளும் நிறுவனத்துக்கே’ என்று எங்காவது கண்ணில் பட்டால், பேனாவை எடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.