பழைய நான்கு சக்கர இயக்க வண்டி வாங்குமுன்

வாரநாட்களில் தொழிலுக்குச் சரக்கு ஏற்றவும், மழைக்காலத்தில் குடும்பத்தோடு மால்ஷேஜ் காட் போய்வரவும் ஒரே வண்டி போதும் என நினைக்கும் நம் மும்பை அன்பர்கள், பழைய நான்கு சக்கர இயக்க வண்டியைத் தேடுவது இயல்பே. அதற்குக் கூடுதல் விலையும் கேட்பார்கள். ஆனால் பொலிரோ, ஸ்கார்ப்பியோ போன்றவை பின்சக்கர இயக்கத்திலும் விற்கப்பட்டவை. எனவே தரகர் சொல்லை விட்டுவிட்டு, வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கியர்பெட்டிப் பக்கமிருந்து முன் அச்சுக்கும் ஒரு சுழல்தண்டு செல்ல வேண்டும்.

தண்டு இருந்தால் மட்டும் போதாது. அது வேலை செய்ய வேண்டுமே! அந்த நெம்புகோலைப் பலர் ஆண்டுக்கணக்கில் தொடுவதேயில்லை. சோதனையைக் காய்ந்த தார்ச்சாலையில் செய்யாதீர்கள். இவ்வகை வண்டியில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் முன், பின் அச்சுகளுக்குச் செல்லும் தண்டுகள் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். தார்ச்சாலையில் டயர் வழுக்கிக் கொடுக்காததால் பற்சக்கரங்கள் திணறும். மண் தரையில் ஓட்டி, 'லோ' கியரையும் போட்டு, மீண்டும் எடுத்துப் பாருங்கள். டயர்களில் இரண்டு மட்டும் புதிது என்றால் மகிழ வேண்டாம். நான்கும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருப்பதே நல்லது.

வெளிமாநில வண்டியானால், அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்றிதழைப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.