எர்த் எங்கே தம்பி?

மூன்று வருடங்களுக்கு முன்னால், நவராத்திரிக்காகக் கொலுப்படிகளின் ஓரமெங்கும் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டினேன். ஐந்து மீட்டர் சுருள், மீட்டருக்கு 14.4 வாட் என்றால் மொத்தம் 72 வாட். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி ஒன்று வாங்கினேன். அது 120 வாட் தரும் என்பதால் அதிகம் சூடேறாமல் ஓடும். இந்தக் கணக்கில் பிழை இல்லை. ஒயரில்தான் பிழை. வீட்டில் கிடந்த டூ கோர் ஒயரில் ஒன்றைப் பேஸிலும் மற்றதை நியூட்ரலிலும் மாட்டினேன். விளக்கு எரிந்தது, வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் மாலை, படிக்குப் பின்னால் விழுந்த பொம்மையை எடுக்கப் போன மகள், "அப்பா, இந்தப் பெட்டி சுருசுருங்குது" என்றாள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பல வருடம் ஒயரிங் வேலை பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவரை அழைத்து வந்தேன். திருகு வரிசையைப் பார்த்தவர் கேட்டது ஒரே கேள்வி: "எர்த் எங்கே தம்பி?"

எர்த் குறியிட்ட திருகு காலியாக இருந்தது. மின் இரைச்சலைக் குறைக்க, இந்தப் பெட்டிகளுக்குள் மெயின் ஒயருக்கும் உலோக உடலுக்கும் நடுவே சிறு கெப்பாசிட்டர்களை வைத்திருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் அவற்றின் வழியே உடலில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி வந்து நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுருசுருப்போடு போகும். ஆனால் உள்ளே இன்சுலேஷன் விட்டுப்போனால் முழு 230 வோல்ட்டும் பெட்டியில் ஏறிவிடும். எர்த் இருந்தால் அந்த நொடியே, மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி.யோ ஆர்.சி.சி.பி.யோ விழுந்துவிடும். இல்லாவிட்டால், அடுத்துத் தொடுகிறவர் உடம்புதான் எர்த்.

அன்று அவர் சொல்லிக் கொடுத்ததையும், அதற்குப் பின் நானே செய்து பழகியதையும் இங்கே சொல்கிறேன்.

1. மூன்று கோர் ஒயர், மூன்று பின் பிளக். 120 வாட் பெட்டி மெயினிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் சிறியதுதான், 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 6 ஆம்பியர் பிளக்கும் தாராளம். பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய வீட்டுச் சுவருக்குள் சிவப்பு, கறுப்பு, பச்சை இருக்கும்.

2. முதலில் எர்த்தை மாட்டுங்கள். அந்த ஒயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது இழுத்துவிட்டாலும் கடைசியாகக் கழல்வது எர்த்தாக இருக்கும்.

3. முனையில் ஈயம் பற்றவைக்காதீர்கள். திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, பிடி தளர்ந்து, அந்த இடம் சூடாகும். ஒயர் முனையில் உலோக லக் வைத்து அழுத்தி மாட்டுவதே சரி. லக்கை மெல்ல இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது.

4. சில பெட்டிகளின் பக்கவாட்டில் 115 / 230 என்று சிறு ஸ்விட்ச் இருக்கும். மின்சாரம் கொடுக்கும் முன் அது 230-இல் இருக்கிறதா என்று பாருங்கள். 115-இல் இருந்தால் கெப்பாசிட்டர் வெடிக்கலாம்.

5. 230 வோல்ட் திருகுகளும் 12 வோல்ட் திருகுகளும் ஒரே வரிசையில், விரல் அகல இடைவெளியில் இருக்கின்றன. அந்த வரிசைக்கு மூடி போடுங்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டில், காற்றோட்டமுள்ள இன்னொரு பெட்டிக்குள் முழுவதையும் வையுங்கள். ஒயர் நுழையும் துளையில், ஒயரைக் கவ்விப் பிடிக்கும் கிளாண்ட் மாட்டினால், இழுப்பு திருகுவரை போகாது.

6. பிளக்கைச் செருகும் முன் மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் பெரிய பின்னிலும் மறு முனையைப் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் தொடுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

7. வெளிச்சம் வரவில்லை என்று எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், சுவரில் எர்த் இல்லையென்றால் பயனில்லை. பல பழைய வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொன்னேன். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுக்கொண்டேன்.

இப்போது ஒவ்வொரு நவராத்திரிக்கும் முதல் பொம்மை ஏறும் முன்னால், மேலே ஆறாவதாகச் சொன்ன சோதனையைச் செய்கிறோம். மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்வது மகள். அவள் சொல்லும் எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால்தான் பிளக் சுவருக்குப் போகும்.