ஊர் ஏரியும் கம்ப்யூட்டர் வலையும்

ஓர் ஊரில் ஏரி இருக்கிறது. ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியாக எல்லா வயல்களுக்கும் போகிறது. தலைமடையில் உள்ளவர் தண்ணீர் முழுவதையும் தம் வயலுக்கே திருப்பிக்கொண்டால் என்ன ஆகும்? கடைமடையில் பயிர் காயும். யாராவது வாய்க்காலில் விஷத்தைக் கலந்தால் என்ன ஆகும்? கெடுதல் ஒரு வயலோடு நிற்காது.

பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒரு பொதுச் சொத்து இருக்கிறது. அதுதான் கம்ப்யூட்டர்களின் வலை.

வலை என்றால் என்ன?

பல்கலைக்கழகத்தில் பல கம்ப்யூட்டர்கள் உண்டு. அவை கம்பி மூலமும் கம்பி இல்லாமலும் ஒன்றோடு ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். ஒரு பல்கலைக்கழகத்தின் வலை மற்றப் பல்கலைக்கழகங்களின் வலையோடும் சேரும்.

இந்தியாவில் இப்படிக் கல்வி நிறுவனங்களை இணைக்கும் திட்டம் 1986-ல் தொடங்கியது. அதன் பெயர் எர்நெட். மத்திய அரசின் மின்னணுத் துறை அதைத் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் உதவி செய்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் டில்லி, மும்பை, கான்பூர், கரக்பூர், சென்னை ஐ.ஐ.டி.களும் அதில் முதலில் சேர்ந்தவை. பின்னர் நாடு முழுவதும் பல நிறுவனங்கள் இணைந்தன.

இன்று பரீட்சைக்கு விண்ணப்பிப்பது, கட்டணம் கட்டுவது, உதவித்தொகை கேட்பது எனப் பல வேலைகள் வலை வழியாகவே நடக்கின்றன. வலை நின்றால் இந்த வேலைகளும் நிற்கும்.

ஓர் உண்மை நிகழ்ச்சி

இது அமெரிக்காவில் நடந்தது. அங்கே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் மேல்படிப்புப் படித்தார். அவருக்கு வயது 22. அவர் ஒரு நிரல் எழுதினார். நிரல் என்பது கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் கட்டளைகளின் தொகுப்பு.

மோரிஸ் எழுதிய நிரல் வலை வழியாகத் தானே ஊர்ந்து போகும். போன இடத்தில் தன்னைப் போலவே இன்னொரு நகலை உண்டாக்கும். அதனால் அதைப் 'புழு' என்று அழைத்தார்கள்.

1988 நவம்பர் 2-ஆம் தேதி மோரிஸ் அந்தப் புழுவை வலையில் விட்டார். தம் பல்கலைக்கழகத்திலிருந்து விடவில்லை. எம்.ஐ.டி. என்ற வேறொரு கல்வி நிறுவனத்தின் கம்ப்யூட்டரிலிருந்து விட்டார். எங்கிருந்து வந்தது என்று தெரியக் கூடாது என்பதே காரணம்.

புழு எப்படி நுழைந்தது? கம்ப்யூட்டர்களில் இருந்த சில ஓட்டைகள் வழியாக நுழைந்தது. பாஸ்வேர்டுகளை ஊகித்தும் நுழைந்தது. பாஸ்வேர்டு என்பது ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ரகசியச் சொல். சிலர் தம் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள். சிலர் பெயரைத் திருப்பி எழுதி வைத்திருந்தார்கள். இன்னும் சிலர் எல்லோருக்கும் தெரிந்த சாதாரணச் சொல்லை வைத்திருந்தார்கள். புழு இவற்றை எளிதாகக் கண்டுபிடித்தது.

புழு யாருடைய கோப்பையும் அழிக்கவில்லை. அழிக்கும் கட்டளை அதில் இல்லை. ஆனாலும் பெரிய கெடுதல் நடந்தது. எப்படி?

புழு ஏற்கெனவே உள்ள கம்ப்யூட்டராக இருந்தாலும், ஏழு தடவையில் ஒரு தடவை இன்னொரு நகலும் அங்கே தங்கும்படி மோரிஸ் எழுதியிருந்தார். நகல்கள் அவர் நினைத்ததைவிட மிக வேகமாகப் பெருகின. ஒரே கம்ப்யூட்டரில் பல புழுக்கள் சேர்ந்தன. கம்ப்யூட்டர்கள் திணறின. பல நின்றே போயின. சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள்.

மோரிஸின் நண்பர் ஒருவர், புழுவைத் தடுக்கும் வழியை எழுதி வலையில் அனுப்பினார். அந்தச் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. வலைதான் அடைபட்டுக் கிடந்ததே!

வழக்கு நடந்தது. 1990-ல் மோரிஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது. அவர் சிறைக்குப் போகவில்லை. மூன்று ஆண்டுகள் கண்காணிப்பில் இருக்க வேண்டும். 400 மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும். 10,050 டாலர் அபராதம் கட்ட வேண்டும். இதுவே தண்டனை.

மோரிஸ் மேல்முறையீடு செய்தார். 'இழப்பு உண்டாக்கும் எண்ணம் இருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும்' என்பது அவருடைய வாதம். 1991-ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அனுமதி இல்லாத கம்ப்யூட்டரில் நுழையும் எண்ணம் இருந்ததே போதும் என்று சொல்லிவிட்டது. பின்னாளில் மோரிஸ் அதே எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார்.

'கெடுக்க நினைக்கவில்லை' என்ற சொல், காய்ந்த பயிரைப் பிழைக்க வைக்காது. பொதுச் சொத்தில் கை வைக்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

பாஸ்வேர்டும் கைநாட்டும்

வெற்றுத் தாளில் யாராவது கைநாட்டு வைப்பார்களா? எழுதப் படிக்கத் தெரிந்தவர், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவாரா? மாட்டார். அந்தத் தாளில் பிறகு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தெரியும்.

பாஸ்வேர்டும் அப்படித்தான். நண்பனிடம் பாஸ்வேர்டைக் கொடுத்தால், அவன் செய்வதெல்லாம் கொடுத்தவர் பெயரில் பதிவாகும். அவன் தவறு செய்தால் முதலில் விசாரிக்கப்படுபவர் கொடுத்தவரே.

இந்தியாவில் இதற்குச் சட்டம் உண்டு. அது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். பிறருடைய பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால், அச்சட்டத்தின் 66சி பிரிவுப்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பொதுக் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியே வர வேண்டும். இதை 'லாக் அவுட்' என்பார்கள். அப்படிச் செய்யாமல் எழுந்து போவது, வீட்டைத் திறந்து போட்டுவிட்டுச் சந்தைக்குப் போவது போன்றது.

கடைமடைக்கும் தண்ணீர் வேண்டும்

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். விடுதியில் ஒரு மாணவி விண்ணப்பம் அனுப்ப முயல்கிறாள். வலை நகரவில்லை. அதே விடுதியில் சிலர் சினிமாப் படங்களை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அவளுக்கு விரோதிகள் அல்ல. அவளை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் கூலி வேலை செய்யும் அவள் தந்தைக்கு அந்த ஆண்டுக் கட்டணம் பெரும் சுமையாகிவிடும்.

பல்கலைக்கழகத்துக்கு மட்டுமா இந்தப் பாடம்? நூலகத்திலும் சேவை மையத்திலும் பொதுக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அங்கே போகும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது. பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைப் பாஸ்வேர்டாக வைக்கக் கூடாது.
2. பிறர் கணக்கில் நுழையக் கூடாது. அது திறந்து கிடந்தாலும் நுழையக் கூடாது.
3. வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்ய வேண்டும்.
4. தெரியாத நிரலைப் பொதுக் கம்ப்யூட்டரில் போடக் கூடாது.
5. பலர் காத்திருக்கும்போது அவசரமில்லாத வேலையைத் தள்ளிப் போட வேண்டும்.
6. கோளாறு தெரிந்தால் மறைக்காமல் உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும்.

கேள்விகள்

1. மோரிஸின் நிரலுக்குப் 'புழு' என்று பெயர் வந்தது ஏன்?
2. நண்பர் அனுப்பிய செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேராதது ஏன்?
3. பாஸ்வேர்டுக்கும் கைநாட்டுக்கும் உள்ள ஒற்றுமை என்ன?

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் பொதுவாகப் பயன்படுத்தும் பொருள்கள் எவை? ஒருவர் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தினால் யார் யார் பாதிக்கப்படுவார்கள்?