ஸ்டியரிங்கில் கை, சாலையில் கண்: போன் எண்ணுக்குள் ஒரு கமா போதும்!

திருவொற்றியூரில் வாடகை கார் ஓட்டும் என் மாமாவுடன் ஒருநாள் காலை எண்ணூர் விரைவுச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பக்கத்தில் இன்னொன்று. துறைமுகத்துக்கு அருகே உள்ள ஓர் அலுவலகத்துக்கு கார் புளூடூத் வழியாக போன் போட்டார். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. மாமாவின் கண் சாலையை விட்டு டாஷ்போர்டில் இருந்த போனுக்குப் போனது. "மாமா, முன்னாடி பாருங்க!" என்று நான் கத்திய பிறகுதான் பிரேக்கில் கால் வைத்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 11 மீட்டர் நகரும். எண்ணைத் தேடி அழுத்த 3 நொடி ஆனால், 33 மீட்டர் தூரத்தைப் பார்க்காமலேயே கடந்துவிடுகிறோம். ஒரு 40 அடி கன்டெய்னரின் நீளம் சுமார் 12 மீட்டர்தான். அப்படியானால் எவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறோம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தச் சிக்கலுக்கு நம் போனிலேயே ஒரு வழி இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை.

கமா என்ன செய்யும்?

போனில் ஓர் எண்ணை அழுத்தும்போது இரண்டு ஒலிகள் சேர்ந்து மறுமுனைக்குப் போகின்றன. அதை வைத்துத்தான் அங்கிருக்கும் கணினி நாம் 1 அழுத்தினோமா, 2 அழுத்தினோமா என்று புரிந்துகொள்கிறது. அழைக்கும் எண்ணுக்குப் பின்னால் ஒரு கமாவும், அதற்குப் பின் அழுத்த வேண்டிய எண்ணும் போட்டுச் சேமித்தால், அழைப்பு இணைந்ததும் போன் சுமார் 2 நொடி காத்திருந்து அந்த எண்ணைத் தானே அனுப்பிவிடும். இரண்டு கமா என்றால் 4 நொடி, மூன்று என்றால் 6 நொடி.

அரைப்புள்ளி (;) போட்டால் வேறு மாதிரி நடக்கும். போன் காத்திருந்து, "அனுப்பலாமா?" என்று திரையில் கேட்கும். நாம் தொட்டால்தான் எண் போகும். அதனால் வண்டி ஓட்டும்போது அரைப்புள்ளி வேண்டாம், கமா மட்டும் போதும்.

சேமிப்பது எப்படி?

1. வீட்டிலோ, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டோ அந்த எண்ணுக்கு ஒருமுறை அழையுங்கள். இணைப்பு கிடைத்த நொடியிலிருந்து, எண் கேட்கும் குரல் வரும்வரை எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள்.

2. ஆண்ட்ராய்டு போன் என்றால், டயல் திரையில் எண்ணைப் போட்டு மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். '2 நொடி இடைநிறுத்தம்', 'காத்திரு' என்ற இரண்டு வசதிகள் வரும். முதலாவதுதான் கமா. ஐபோன் என்றால், தொடர்பு எண்ணைத் திருத்தும் இடத்தில் '+*#' விசையைத் தொட்டால் இதே இரண்டும் இருக்கும்.

3. உதாரணமாக, ஒரு யார்டு அலுவலகத்தில் 4 நொடி கழித்து மொழிக்கு 1, அதன்பின் 6 நொடி கழித்து உள் எண் 215 அழுத்த வேண்டும் என்றால், அலுவலக எண்ணுக்குப் பின்னால் ,,1,,,215 என்று சேர்த்துச் சேமியுங்கள்.

4. ஒருமுறை சோதித்துப் பாருங்கள். எண் முந்திக்கொண்டு போனால் இன்னொரு கமா சேருங்கள். அலுவலகத்தார் மெனு வரிசையை மாற்றினால் நாமும் மாற்ற வேண்டும்.

காரில் வேலை செய்யவில்லையா?

புளூடூத்தில் இணைக்கும்போது பல கார்கள் நம் தொடர்புப் பட்டியலை நகல் எடுத்துக்கொள்ளும். சில கார்கள் அப்படி எடுக்கும்போது கமாவை விட்டுவிடுவது உண்டு. அப்போது முதல் எண் மட்டும் போகும், பின்னால் உள்ளது போகாது. அதற்கு, கார் பட்டியலிலிருந்து அழைக்காமல், போனின் குரல் உதவியிடம் பெயரைச் சொல்லி அழைத்துப் பாருங்கள். இதையும் வண்டி நிற்கும்போதே சோதித்துவிடுங்கள்.

இதைச் செய்யவே கூடாது

வங்கி பின் எண், ஆதார் எண், கார்டு எண் போன்றவற்றைக் கமாவுக்குப் பின்னால் சேமிக்காதீர்கள். காரின் நினைவகத்துக்கும் அவை போகலாம். வாடகை வண்டி, கம்பெனி வண்டி என்றால் உங்களுக்குப் பின் ஓட்டுபவர் கண்ணிலும் படும். அத்தகைய வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்முன் புளூடூத் இணைப்பையும் நகல் எடுத்த பட்டியலையும் மறக்காமல் அழித்துவிடுங்கள்.

அவசர எண்களுக்குக் கமா எதுவும் வேண்டாம். 112, 108 இரண்டையும் அப்படியே அழையுங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்தபோது மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து வெளியே ஓடியதை நம் பகுதி மறந்திருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் நேரடி எண்தான் உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவின்படி, கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்தான முறையில் ஓட்டுவதாகும். முதல்முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் சிக்கினால் அபராதம் 10,000 ரூபாய், சிறை 2 ஆண்டு வரை.

"நான்தான் கையில் பிடிக்கலையே" என்று நிம்மதி அடையவும் முடியாது. ஓட்டும்போது போன் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு அதிகம் என்றும், கை படாமல் பேசுவதும் பெரிய அளவில் பாதுகாப்பானது அல்ல என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கை சும்மா இருந்தாலும் கவனம் பேச்சில்தானே போகிறது!

ஆகவே, "வந்துட்டு இருக்கேன், பத்து நிமிஷம்" என்பது போன்ற சின்ன அழைப்புக்கு மட்டும் கமாவைப் பயன்படுத்துங்கள். மாநகராட்சியின் 1913-க்கோ, முதல்வரின் முகவரி 1100-க்கோ புகார் சொல்ல வேண்டும் என்றால் தெருப்பெயர், அடையாளம், புகார் எண் என்று பேச்சு நீளும். எழுதியும் வைக்க வேண்டும். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுங்கள்.

மாமாவின் போனில் அன்று மாலையே அந்த அலுவலக எண்ணைக் கமா போட்டுச் சேமித்துக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலைதான். உங்கள் வீட்டிலும் தினமும் வண்டி எடுப்பவர் இருந்தால், இன்று இரவு சாப்பிட்ட பிறகு அவருடைய போனை வாங்கி இதைச் செய்து கொடுங்களேன்!