கோடைக்கு ஏற்ற திராட்சை எலுமிச்சைப் பானம்

வெயிலில் வாடி வருவோருக்குக் குளிர்பானம் அமுதமாகும். ஆனால், கடைப் பனிக்கட்டி எந்த நீரில் உறைந்தது என்பதை நாம் அறியோம். உறைவதால் கிருமிகள் யாவும் மடிந்துவிடுவதில்லை. எனவே, வீட்டிலேயே பானம் தயாரிக்கக் கற்போம்.

தேவையானவை (6 குவளைக்கு): பன்னீர் திராட்சை 250 கிராம், எலுமிச்சம்பழம் 4, சர்க்கரை 150 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, கொதிக்கவைத்து ஆறிய நீர் 1 லிட்டர்.

செய்முறை: திராட்சையை நன்கு கழுவி, சர்க்கரையும் ஒரு குவளை நீரும் சேர்த்து, தோல் வெடிக்கும்வரை இளந்தீயில் வேகவைக்கவும். மசித்து வடிகட்டி முற்றிலும் ஆறவிடவும். பிறகு எலுமிச்சைச் சாறு, உப்பு, மீதி நீர் ஆகியவற்றைக் கலக்கவும். பாத்திரத்தை மூடி, ஈரத்துணி சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைக்கவும். துணியின் ஈரம் ஆவியாகும்போது பானத்தின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் பனிக்கட்டி இன்றியே குளிரும்.

கவனிக்க வேண்டியவை:

1. எலுமிச்சைச் சாற்றைச் சூட்டில் ஊற்றலாகாது. வைட்டமின் சி குறைந்துவிடும். 1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயுற்ற மாலுமிகளை ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தே தேற்றினார். அந்நோயைத் தடுப்பது இச்சத்தே.

2. பித்தளை, செம்புப் பாத்திரங்கள் வேண்டாம். புளிப்பு உலோகத்தைக் கரைத்துவிடும். எவர்சில்வர் அல்லது கண்ணாடி நன்று.

3. அழுத்திப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கும்.

4. அன்று செய்ததை அன்றே பருகிவிட வேண்டும்.

தாகமுற்றவருக்குக் கொடுக்கும் ஒரு குவளை நீருக்கும் கைம்மாறு உண்டென நற்செய்தி போதிக்கிறது. ஆகவே, முதல் குவளையை வாசலில் வந்து நிற்கும் தபால்காரருக்கோ காய்கறி விற்கும் அம்மாவுக்கோ கொடுப்போம்.