தெருவின் ஓசையைச் சேமித்தல்



சென்ற கோடை விடுமுறையில் இலண்டன் மாநகருக்குச் சென்ற நாம், நிழற்படங்களுக்குப் பதிலாக அந்நகரத் தெருக்களின் ஓசைகளைச் சேகரித்து வர எண்ணினோம். கைத்தொலைபேசியே எமது கருவி. இம்முயற்சி புதியதன்று. கனடிய இசையமைப்பாளர் மறே ஷாஃபரும் அவர்தம் குழுவினரும் வன்கூவர் நகரின் ஓசைகளைப் பதிந்து 1973இல் இசைத்தட்டாக வெளியிட்டனர்.

எமது முதற் பதிவு தோல்வியுற்றது. வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்தில் நின்று ‘பிக் பென்’ மணியைப் பதிந்தோம். 13.7 தொன் எடையுடைய அம்மணி, 1859இல் ஒலிக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே விரிசல் கண்டது. அதனைச் சற்றே திருப்பி, இலேசான சுத்தியலைப் பொருத்தி, அவ்விரிசலோடேயே இன்றுவரை ஒலிக்கச் செய்கின்றனர். அறைக்குத் திரும்பிக் கேட்டபோது மணியோசை இல்லை. காற்றின் இரைச்சலே இருந்தது. எமது செவி மணியை மட்டும் தெரிந்தெடுத்துக் கேட்டது. ஒலிவாங்கிக்கோ அத்தெரிவு கிடையாது. தன்மேல் மோதும் காற்றையே அது பேரொலியாகக் கொள்ளும்.

மறுநாள் ஒலிவாங்கித் துளையின்மேல் மெல்லிய கம்பளித் துணியைச் சுற்றினோம். காற்றுக்கு முதுகு காட்டி, விரல் அசையாது இரு நிமிடங்கள் நின்றோம். பதிவின் முடிவில் இடம், நாள், நேரம் ஆகியவற்றை எமது குரலிலேயே சொல்லி வைத்தோம். (இதனைச் செய்யாதவர் ஓராண்டின் பின் எது எவ்விடத்து ஓசையென அறியாது விழிப்பர்.) பிறர் உரையாடலை அவர் அறியாமற் பதிதல் தகாது.

எம்பாங்மென்ற் நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தில், நோதேர்ண் தடத்தின் வடக்கு நோக்கிய மேடையில் நெடுநேரம் நின்றோம். இடைவெளியைக் கவனிக்குமாறு அங்கே எச்சரிக்கும் குரல், ஒஸ்வால்ட் லோரன்ஸ் என்னும் நடிகருடையது. அவர் 2007இல் காலமானார். அவரது துணைவியார் அக்குரலைக் கேட்பதற்காகவே அந்நிலையத்திற்கு வந்து அமர்வாராம். 2012இன் இறுதியில் குரல் மாற்றப்பட்டது. அவர் வேண்டிக்கொள்ளவே, நிருவாகத்தினர் பழைய பதிவைத் தேடியெடுத்து 2013இல் அம்மேடையில் மீண்டும் ஒலிக்கச் செய்தனர். அன்று மூன்று புகையிரதங்களைப் போகவிட்டே நாம் ஏறினோம்.

நாம் கற்பித்த பாடசாலையில், வேப்பமரக் கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டே மணியாகும். 2009இன் தொடக்கத்தில் அவ்வூரைவிட்டு நீங்கியபோது, மாணவர் வரவுப் பதிவேட்டையும் சான்றிதழ்களையும் தேடியெடுத்தோம். அவ்வோசையை எடுத்துவர எவருக்கும் தோன்றவில்லை. அது எவ்வாறு ஒலித்ததென உங்களுக்குச் சொல்ல முயலுந்தோறும் எமக்குச் சொல் போதவில்லை.

இலண்டன் ஒலிகளை வகுப்பில் போட்டுக் காட்டி, எழுதச் சொன்னோம். பாதசாரிக் கடவையின் ஒலிக்கும் ‘பீப்’. புகையிரதக் கதவு மூடும் எச்சரிக்கைக்கும் ‘பீப்’. மிதிவண்டி மணிக்கும் அதுவே! தமிழில் இத்தகைய ஒலிகளுக்கு இரட்டைக்கிளவிகள் ஏராளம். மணி கணகணவென ஒலிக்கும். வண்டி கடகடவென ஓடும். மழை சடசடவெனப் பெய்யும். இவற்றைப் பிரித்தாற் பொருள் தராது. தொல்காப்பியரே இவ்விலக்கணத்தைச் சொல்லதிகாரத்திற் கூறியுள்ளார்.

விழா முடிந்து வகுப்புகள் மீண்டும் தொடங்கும் முதற் சனிக்கிழமையன்று, உங்கள் வீட்டிலோ தெருவிலோ நாள்தோறும் கேட்கும் ஓர் ஓசையை ஒரு நிமிடம் பதிந்து வருக. அம்மம்மா, அப்பப்பாவிடம் கேட்டு அதற்குரிய தமிழ்ச் சொல்லையும் எழுதி வருக. ‘பீப்’ ஏற்கப்படமாட்டாது.