நீரிழிவு வருமுன் காத்தல்

தவணை தவறிய பின்னர் வசூலுக்கு அலைவதைவிட, தவறும் குறி தோன்றும்போதே அங்கத்தினரை அணுகுதல் எளிது. சங்கக் கணக்கைப் பார்வையிடும் எவரும் இதனை அறிவர். நீரிழிவு நோய்க்கும் இது பொருந்தும்.

இரண்டாம் வகை நீரிழிவு ஒரே நாளில் தோன்றுவதன்று. கணையம் சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காமற் போகிறது. கணையம் மிகையாகச் சுரந்து சில ஆண்டுகள் ஈடுகொடுத்து, பின் தளர்கிறது. அவ்விடைக்காலத்தில் பெரும்பாலும் அறிகுறி ஏதும் இராது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரை அருந்தி இரண்டு மணி நேரம் சென்றபின், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 140 முதல் 199 மில்லிகிராம் வரை இருப்பின் அதுவே இடைநிலை.

அந்நிலையிலேயே நோயைத் தடுக்க இயலுமா? சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், இடைநிலையிலிருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கி ஏறத்தாழ மூன்றாண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 100-க்கு 55 பேர் நோயுற்றனர். அன்றாடம் அரைமணி நேர நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்ட பிரிவில் 39 பேரே நோயுற்றனர். மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே பயனைத் தந்தது. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் நன்மை விளையவில்லை. நடந்தவர்களின் உடல் எடை குறையாமலே இப்பயன் கிட்டியது என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே, "நான் மெலிந்தவன், எனக்கென்ன?" என்று எவரும் இருந்துவிடலாகாது.

கடின உடலுழைப்பு உடையோரை அவ்வாராய்ச்சியாளர் தனியே நடக்கச் சொல்லவில்லை. சேர்வராயன் மலைச் சரிவில் காப்பிப்பழம் பறித்து மூட்டை சுமப்பவருக்கு அது பொருந்தும். தோட்டத்திற்கு மோட்டார் சைக்கிளில் சென்று மேற்பார்வையிட்டுத் திரும்பும் உரிமையாளருக்குப் பொருந்தாது. கீழே சேலத்து நெசவாளர் நிலை வேறு. தெருவில் பாவு நீட்டும் வேலையில் நடை உண்டு. தறிக்குழியில் அமர்ந்தபின் கால் மிதியில் அசையினும் உடல் ஓரிடத்திலேயே இருக்கிறது. அவர் மாலையில் அரைமணி நேரம் நடப்பது அவசியம்.

உணவில், மலையில் விளையும் சாமையும் கேழ்வரகும் தீட்டிய அரிசியினும் நார்ச்சத்து மிக்கவை. ஆயினும் அவையும் மாவுப்பொருளே. அளவின்றி உண்டால் பயனில்லை. சாமையை வெண்மையாகத் தீட்டினால் நாரும் போய்விடும். கீரை, அவரை, பயறு வகைகளைக் கூட்டிச் சோற்றைக் குறைத்தல் நலம். நாளொன்றுக்கு ஐந்து முறை சர்க்கரையிட்ட காப்பி அருந்தும் வழக்கத்தையும் விடவேண்டும். நிர்வாகக் குழுக் கூட்டங்களிலேயே இதனைத் தொடங்கலாம்.

பெற்றோருக்கு நீரிழிவு இருப்பவரும் இடுப்புச் சுற்றளவு பெருத்தவரும் முப்பது வயதிலேயே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக் கொள்வார்களாக. குளுக்கோஸ் பரிசோதனைக்கு வெறும் வயிற்றுடன் செல்லவேண்டும். காலைக் காப்பியும் கூடாது. ஏற்காட்டு அங்கத்தினர்க்கு இதுவே பெருஞ்சிரமம்!